வானதூதரின் பங்கு

மதுவைப் பற்றிய கட்டுரை ஒன்று நம் குடும்ப இதழில் இடம்பெறுவதா என்று வாசக அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மதுவால் சிதைந்த வீடு ஒன்றேனும் இல்லாத பங்கு நம்மிடையே எங்கே உள்ளது? நானும் அத்தகைய வீடு ஒன்றில் பிறந்தவன்தான். அவ்வாறிருந்தும், என் தந்தையை நான் மனமார மன்னித்தது ஒரு மது அலமாரியின் முன்னால்தான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டியவனாய் இருக்கிறேன். அது நிகழ்ந்த விதத்தை எழுதினால் எங்கேனும் ஒரு வீட்டில் ஒருவருக்குப் பயன்படலாம் என்னும் நம்பிக்கையில் இதனை எழுதத் துணிந்தேன்.

பிழைப்பை நாடி 1994-ஆம் ஆண்டில் அமெரிக்கா வந்த நான் கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் குடியமர்ந்தேன். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ நாற்பது மைல் தொலைவில் பார்ட்ஸ்டவுன் என்னும் சிற்றூர் உள்ளது. கத்தோலிக்கருக்கு அவ்வூர் அந்நிய ஊர் அன்று. 1785-இல் பேசில் ஹேடன் என்பவரின் தலைமையில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபத்தைந்து மேரிலாந்திலிருந்து புறப்பட்டு, மலைகளைக் கடந்து, இப்பகுதியில் வந்து குடியேறின. 1808-இல் திருத்தந்தை ஏழாம் பத்திநாதர், நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா ஆகிய பெருநகரங்களோடு இச்சிற்றூரையும் ஒரே நாளில் மறைமாவட்டமாக உயர்த்தினார். அதன் முதல் ஆயர் பெனடிக்ட் ஜோசப் பிளஜே ஆண்டகை. 1816-இல் தொடங்கி 1819-இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித சூசையப்பர் பேராலயம் வெண்ணிறத் தூண்களோடு இன்றும் அங்கே நிற்கிறது. ஆயரின் இருக்கை 1841-இல் லூயிவிலுக்கு மாற்றப்பட்டுவிட்டது. எனினும் 2001-இல் அவ்வாலயம் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது.

அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பர்பன் என்னும் விஸ்கிக்கு அதுவே தலைநகர் போன்றது. மலை கடந்து வந்த அக்குடிகள் செபமாலையைக் கொண்டுவந்தது போலவே, தானியத்திலிருந்து மது வடிக்கும் கலையையும் கையோடு கொண்டுவந்தனர். சுண்ணாம்புப் பாறைகளினூடே ஊறி, இரும்புச் சத்து அற்று வரும் அம்மண்ணின் நீர் அத்தொழிலுக்கு வாய்ப்பாக அமைந்தது. கோவில் மணியோசையும் வடிசாலைகளில் புளிக்கும் சோளக்கூழின் மணமும் ஒரே காற்றில் வரும் ஊர் அது. தொடக்கத்தில் எனக்கு அது பெரிய முரணாகவே தோன்றியது.

என் நண்பரை நான் சந்தித்தது 2012-ஆம் ஆண்டு தவக்காலத்தில். பார்ட்ஸ்டவுனுக்கு அருகே கெத்செமனி என்னும் டிராப்பிஸ்ட் துறவியர் மடம் இருக்கிறது. 1848-இல் பிரெஞ்சு நாட்டுத் துறவிகள் வந்து நிறுவியது. அங்கே நான்கு நாள் மௌனத் தியானத்துக்குச் சென்றிருந்தேன். தியானம் முடிந்து பேச்சுக்குத் தடை நீங்கியதும், பக்கத்து அறையில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் என்னிடம் வந்து, எந்த நாட்டவர் என்று வினவினார். தமிழகம் என்றேன். "பரங்கிமலை இருக்கும் நாடல்லவா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! அம்மடத்துத் துறவி தாமஸ் மெர்ட்டன் 1968 நவம்பரில் சென்னைக்கு வந்து பரங்கிமலையைத் தரிசித்ததையும், அடுத்த மாதம் 10-ஆம் நாள் பாங்காக்கில் இறந்ததையும் அவர் படித்து வைத்திருந்தார். சிறுவயதில் அம்மாவுடன் அம்மலையின் படிகளில் ஏறியிருக்கிறேன் என்று சொன்னேன். அன்று தொடங்கியது எங்கள் நட்பு.

அவர் முப்பத்தொரு ஆண்டுகள் பீப்பாய் செய்யும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை ஓக் மரத்துப் பலகைகளை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டுப் பதப்படுத்தி, சூட்டில் வளைத்து, ஆணியோ பசையோ இன்றி இரும்பு வளையங்களால் இறுக்கி, இருநூறு லிட்டர் கொள்ளும் கலமாக ஆக்கும் வேலை. அதன்பின் கலத்தின் உட்புறத்தைத் தீயால் கருக்குவார்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரம்தான். அதற்குள் உட்சுவர் முதலைத் தோல் போல வெடித்துக் கரியாகும். அக்கரிக்கு அடியில், மரத்தின் இனிப்புச் சத்து பாகாய் உருகிச் செந்நிறப் படலமாய்ப் படிந்திருக்கும். பர்பனின் நிறம் முழுவதும், மணத்தில் பெரும்பங்கும், அப்படலத்திலிருந்தே பிறக்கின்றன.

இவற்றையெல்லாம் தம் வீட்டுக்கு என்னை அழைத்த முதல் நாளில் அவர் விளக்கினார். பர்பனுக்குச் சட்டமே இலக்கணம் வகுத்திருக்கிறது என்றும் சொன்னார். தானியத்தில் நூற்றுக்கு 51 பங்கேனும் மக்காச்சோளம் இருத்தல் வேண்டும். எஞ்சிய பங்கு பெரும்பாலும் ரை அல்லது கோதுமையோடு, முளைகட்டிய பார்லி. வடித்ததைப் புதிய, கருக்கிய ஓக் கலத்தில்தான் ஊற்றி வைக்க வேண்டும். ஊற்றும்போது சாராயச் செறிவு 62.5 விழுக்காட்டை மீறலாகாது. நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கலாகாது. ஒருமுறை பர்பன் இருந்த கலம் மறுமுறை பர்பனுக்கு உதவாது. அது கப்பலேறி ஸ்காட்லாந்துக்கோ வேறு நாட்டுக்கோ போய்விடும். 1964-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சபையே பர்பனைத் தன் நாட்டின் தனிச்சிறப்புப் பொருள் எனத் தீர்மானம் நிறைவேற்றியது.

பின்பு என்னை நிலவறைக்கு அழைத்துச் சென்றார். சுவர் முழுவதும் அவர் கையால் செய்த ஓக் அலமாரி. அதில் நூற்று நாற்பது புட்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் நிமிர்ந்தே நின்றன. திராட்சை இரசத்தைப் போல விஸ்கியைச் சாய்த்து வைக்கலாகாதாம். செறிந்த சாராயம் தக்கையை அரித்துவிடும். வெயிலும் படலாகாது. புட்டிக்குள் வந்தபின் விஸ்கிக்கு வயது ஏறுவதில்லை. மரத்தில் இருந்த காலமே அதன் வயது.

இரு சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் சிறிதளவு ஊற்றி ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "நான் குடிப்பதில்லை" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "குடிக்க வேண்டாம், முகர்ந்து பாருங்கள். இதில் பாதி மூக்குக்குத்தான் சொந்தம்" என்றார். வாயைச் சிறிதே திறந்து வைத்து முகர வேண்டும் என்றும், இரண்டொரு துளி நீர் விட்டால் மணம் மலரும் என்றும் கற்றுக் கொடுத்தார்.

முகர்ந்தேன். முதலில் மரத்தூள் மணம் வந்தது. அதன்பின் கருப்பட்டிப் பாகு, கிராம்பு, உலர்ந்த திராட்சை. எல்லாவற்றுக்கும் அடியில் சாராயத்தின் எரிப்பு. அக்கணம் என் அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றார்.

அப்பா தென்கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் வள்ளம் கட்டும் தச்சர். நான் குழந்தையாய் இருந்தபோது அவர் மடியில் அயினி மரத்தூளின் மணம் வீசும். அந்த மணத்தில் முகம் புதைத்து உறங்கியிருக்கிறேன். 1971-இல் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டுச் சாராயக் கடைகள் திறக்கப்பட்டபோது எனக்கு வயது ஒன்பது. அதன்பின் அப்பாவின் மேல் வேறொரு மணம் வீசத் தொடங்கியது. 1974-இல் கடைகளை மீண்டும் மூடினார்கள். ஆனால் அதற்குள் அப்பாவின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. நடுங்கும் கையில் யார் வள்ளத்தை ஒப்படைப்பார்? 1976-இல் ஈரல் கெட்டு இறந்தார். அம்மாவின் காதிலிருந்த கம்மல் அதற்கு முன்பே போய்விட்டது. முதல் மணத்தை நேசித்தும் இரண்டாம் மணத்தை வெறுத்தும் வளர்ந்தவன் நான். இரண்டும் ஒரே கிண்ணத்திலிருந்து எழுந்து வந்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சாராயத்தின் எரிப்புத்தான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றுமுதல் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலையில் அவர் வீட்டுக்குச் செல்வது வழக்கமாயிற்று. நண்பர் தமக்கென ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். ஒரு மாலையில் இரண்டு வகை. வகைக்குப் பதினைந்து மில்லிலிட்டர். அதற்குமேல் ஒரு சொட்டும் இல்லை. தவக்காலத்தில் அலமாரியையே திறக்கமாட்டார். நான் முகர்வதோடு சரி. முகர்ந்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். ரை சேர்ந்ததில் மிளகின் காரம் தெரியும். கோதுமை சேர்ந்தது பணியாரம் சுடும் அடுக்களையைப் போல மென்மையாய் இருக்கும். முகர்பவன் ஒருவன், சுவைப்பவர் ஒருவர். இருவர் குறிப்பும் ஒத்துப்போகும் நாளில் எங்களுக்குக் குழந்தைகளைப் போல மகிழ்ச்சி.

அரிய புட்டிகளை அடையாளம் காணவும் கற்றேன். 1985 வரை ஒவ்வொரு புட்டியின் வாயிலும் அரசின் வரிச்சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். பச்சைச் சீட்டானால் அது 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முத்திரையிடப்பட்டது என்று பொருள்: ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசின் மேற்பார்வையில் நான்கு ஆண்டுக்குக் குறையாமல் மரத்தில் வைத்து, 50 விழுக்காட்டுச் செறிவில் அடைத்தது. விஸ்கி என்ற பெயரில் கண்டதையும் கலந்து விற்ற காலத்தில் மக்களைக் காக்க வந்த சட்டம் அது. அளவு ஐந்தில் நான்கு குவார்ட் என்றிருந்தால் 1980-க்கு முற்பட்டது. உடல்நலத்துக்குக் கேடு என்னும் அரசின் எச்சரிக்கை காணப்பட்டால் 1989 நவம்பருக்குப் பிற்பட்டது. "இந்தக் கடைசி அடையாளத்தைத் தேடித் தேடிப் படிப்பவர்கள் நாங்கள் மட்டும்தான், குடிப்பவன் படிப்பதில்லை" என்று நண்பர் வேடிக்கையாகச் சொல்வார்.

அவருடைய பாட்டனாரின் பெட்டியிலிருந்து கிடைத்த ஒரு சிறு புட்டியில் 'மருத்துவ உபயோகத்துக்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்தது. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு இருந்த காலத்தில், மருத்துவர் சீட்டுக் கொடுத்தால் பத்து நாளைக்கு ஒரு பைண்ட் விஸ்கி மருந்தாகக் கிடைக்கும். திருப்பலிக்குரிய திராட்சை இரசத்துக்கும் அச்சட்டம் விலக்கு அளித்திருந்தது. அப்புட்டியை அவர் திறந்ததே இல்லை.

இன்னொரு புட்டியும் திறக்கப்படாமல் மேல்தட்டில் நின்றது. பச்சைச் சீட்டு ஒட்டிய, கோதுமை சேர்ந்த பர்பன். லூயிவிலை அடுத்த ஸ்டிட்செல்-வெல்லர் வடிசாலையில் வடித்தது. 1935-இல் திறக்கப்பட்ட அவ்வடிசாலை 1992-இல் வடிப்பதை நிறுத்திவிட்டதால், அதன் புட்டிகளுக்கு மதிப்பு மிகுதி. நண்பர் அதனை 1984-இல், தம் இளைய மகன் பிறந்த வாரத்தில், சில டாலர்களுக்கு வாங்கினாராம். மகனின் திருமண நாளன்று திறக்க வேண்டும் என்பது அவர் கனவு.

நண்பர் சொன்னவற்றுள் என் நெஞ்சில் பதிந்தது 'வானதூதரின் பங்கு' என்னும் செய்தி. கிடங்கில் கிடக்கும் பீப்பாய் மூச்சு விடுகிறது. கோடையில் சாராயம் விரிந்து மரத்துக்குள் நுழையும். குளிரில் சுருங்கி வெளியே வரும். அவ்வாறு போய்வரும்போது ஆண்டுதோறும் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். இருபது ஆண்டைக் கடந்த பீப்பாயில் பாதிக்கு மேல் மறைந்திருக்கும். வானதூதருக்குச் சேர்ந்த பங்கு என்று தொழிலாளர் அதனைச் சொல்வார்கள். அந்த ஆவியை உண்டு வாழும் கரும்பூஞ்சை, கிடங்குச் சுவர்களையும் சுற்றியுள்ள மரங்களையும் கரி பூசினாற்போல் ஆக்கியிருப்பதை நானே கண்டேன். "காற்றுப் புகாத இரும்புத் தொட்டியில் வைத்தால் ஒரு சொட்டும் குறையாது. ஆனால் நூறு ஆண்டானாலும் அது பர்பன் ஆகாது" என்றார் நண்பர். அன்று அதனைத் தொழில் நுட்பமாகவே கேட்டுக்கொண்டேன்.

2013 அக்டோபரில் பிராங்க்போர்ட் நகரின் பபலோ டிரேஸ் வடிசாலையிலிருந்து, பாப்பி வான் விங்கிள் என்னும் அரிய வகையும் அதைச் சேர்ந்தவையுமாக இருநூறுக்கும் மேற்பட்ட புட்டிகள் களவு போன செய்தி நாடெங்கும் பரவியது. அதன்பின் அரிய பர்பனைத் தேடும் வெறி மக்களைப் பிடித்தது போலாயிற்று. சில நூறு டாலர் விலை குறித்த புட்டி மறைவில் சில ஆயிரத்துக்குக் கைமாறியது. என் நண்பரும் அதற்குத் தப்பவில்லை. விடியுமுன் எழுந்து கடை வாயிலில் வரிசையில் நின்றார். ஒருமுறை அவ்வாறு நின்றதில் ஞாயிறு திருப்பலிக்கே வரவில்லை. நூற்று நாற்பது இருநூற்றுப் பத்தாயிற்று. ஆனால் மாலைகளில் புதிய புட்டி எதுவும் திறக்கப்படவில்லை. திறந்தால் விலை போய்விடுமே! முன்பு முகர்ந்தும் சுவைத்தும் மகிழ்ந்தவர்கள் இப்போது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

1996 நவம்பர் 7-ஆம் நாள் பார்ட்ஸ்டவுனில் ஹெவன் ஹில் கிடங்குகள் தீப்பற்றியதைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வதுண்டு. ஏழு கிடங்குகளும் ஏறத்தாழ 90,000 பீப்பாய்களும் ஓர் இரவில் எரிந்தன. எரியும் விஸ்கி ஆறாய் ஓடியதாம். "அவற்றில் என் கையால் செய்தவையும் இருந்தன" என்று கண்கலங்குவார். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த அறிவற்ற செல்வனின் உவமை எனக்கு நினைவுக்கு வரும். ஆனால் நண்பரிடம் சொல்ல நா எழாது.

இந்நிலையில்தான் அவ்வீட்டுத் துயரம் எனக்குத் தெரிய வந்தது. அந்த இளைய மகன் குடிநோய்க்கு ஆளாகி, வேலையை இழந்து, 2017-இல் சிகிச்சை இல்லம் ஒன்றில் சேர்ந்திருந்தார். தேறி வெளியே வந்தபின், வேறு நகரில் தனியே வாழ்ந்தார். அந்த ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீட்டுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. "கீழே அலமாரி இருக்கும் வீட்டில் என்னால் ஓர் இரவும் உறங்க முடியாது, அப்பா" என்று எழுதியிருந்தாராம். அந்தக் கடிதத்தை நண்பரின் மனைவியார்தாம் எனக்குக் காட்டினார். அந்த அம்மையார் வேறொன்றும் சொல்லவில்லை. கடிதம் பலமுறை மடித்து விரித்து நைந்திருந்தது.

2019 அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமையன்று நண்பரே பேச்செடுத்தார். "நான் குடிகாரன் அல்லேன். மாதத்துக்கு ஆறு தேக்கரண்டி குடிக்கிறேன். அலமாரிக்குப் பூட்டும் போட்டுவிட்டேன். பலவீனம் அவனுடையது, என் நாற்பது ஆண்டு உழைப்பை நான் ஏன் இழக்க வேண்டும்?" என்றார். சொன்னது அனைத்தும் உண்மை. அவர் ஒருநாளும் நிதானம் தவறியவர் அல்லர்.

ஆயினும் அந்தச் சொற்களை நான் முன்பே ஒருவர் வாயிலிருந்து கேட்டிருந்தேன். என் மனைவியிடமும் சொல்லாத ஒரு செய்தியை அன்று அவரிடம் சொன்னேன்.

1975-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் என் அப்பா குடியை விட்டார். பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, நாற்பது நாளும் நாள் தவறாமல் சிலுவைப்பாதை செய்தார். கை நடுக்கம் குறைந்தது. எனக்கு ஒரு சிறிய மரக்கட்டுமரம்கூடச் செய்து கொடுத்தார். அப்போது எங்களோடு அதே வீட்டில் பெரியப்பாவும் இருந்தார். அளவறிந்து குடிப்பவர், ஊரில் நல்ல பெயர் உள்ளவர். எங்கிருந்தோ கிடைத்த புட்டி ஒன்று எப்போதும் அவருடைய மாடக்குழியில் இருக்கும். "அண்ணே, அதை வேறு எங்கேயாவது வையுங்கள்" என்று அப்பா கெஞ்சியதைத் தூங்குவது போல் படுத்திருந்த நான் கேட்டேன். "என் புட்டி என் இடத்தில் இருக்கிறது. உன் மனசைக் கட்டிப்போடத் தெரியாவிட்டால் அதற்கு நானா பிணை?" என்றார் பெரியப்பா. உயிர்ப்பு விழாவுக்கு மறுநாள் மாடக்குழி வெறுமையாய் இருந்தது. அதற்குப்பின் அப்பா எழுந்திருக்கவே இல்லை.

"என் பெரியப்பா பொய் சொல்லவில்லை. அவர் குடிகாரரும் அல்லர். புட்டியை ஒரு முழம் நகர்த்தி வைத்திருக்கலாம், அவ்வளவுதான்" என்று சொல்லி நிறுத்தினேன். தன் உணவு சகோதரனுக்கு இடறலாகுமானால் அதை விட்டுவிட வேண்டும் என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதியதை நான் எடுத்துச் சொல்லவில்லை. அவர் அதனை அறிந்தவர். நண்பர் வெகுநேரம் பேசாதிருந்தார். பின்பு, அன்று ஊற்றி வைத்திருந்த கிண்ணத்தைத் தொடாமலே எழுந்து மாடிக்குச் சென்றுவிட்டார். எங்கள் நட்பு அன்றோடு முடிந்தது என்றே எண்ணி வீடு திரும்பினேன்.

பதினொரு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். "சனிக்கிழமை வாருங்கள், சுமக்க ஆள் வேண்டும்" என்றார். கெண்டக்கியில் 2018 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, உரிமம் பெற்ற கடைக்காரர்கள் தனியாரிடமிருந்து பழைய, அரிய புட்டிகளை விலைக்கு வாங்கலாம். அவ்வாறு அலமாரியில் பெரும்பகுதி விற்பனையாயிற்று. வந்த பணத்தில் பாதியை மகன் தேறிவந்த சிகிச்சை இல்லத்துக்கும், மீதியைப் பங்கின் ஏழைகள் நிதிக்கும் கொடுத்தார். பாட்டனாரின் மருத்துவப் புட்டி ஊர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று.

பச்சைச் சீட்டுப் புட்டி மட்டும் எஞ்சியது. கடைக்காரர் நல்ல விலை சொல்லியும் அவர் கொடுக்கவில்லை. தம்மோடு பீப்பாய் செய்த பழைய தோழர்கள், பங்குத்தந்தை, அண்டை வீட்டார் என்று பதினான்கு பேரை அன்று மாலை அழைத்தார். முப்பத்தைந்து ஆண்டு மூடியிருந்த மூடியைத் திருகினார். சீட்டுக் கிழிந்தபோது அவர் கை சற்றே நின்றது, பின்பு தயங்கவில்லை. பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலச் சிமிழை உடைத்தபோது, விற்றிருக்கலாமே என்று முறுமுறுத்தவர்கள் உண்டல்லவா? அந்த அறையில் அப்படி ஒருவரும் இல்லை. மணம் வீடு முழுவதும் நிறைந்தது.

எல்லோருக்கும் ஊற்றியபின் என்னிடம் வந்தார். வழக்கம்போல் முகர்வதற்காக ஒரு கிண்ணத்தில் சிறிது விட்டிருந்தார். ஏழாண்டாக முகர்ந்தவன் அன்று நாவின் நுனியில் ஒரு துளி வைத்துக்கொண்டேன். ஐம்பத்தேழு வயதில் முதல் துளி. இனிப்பாய்த் தொடங்கி, மரமாய் விரிந்து, நெடுநேரம் வெதுவெதுப்பாய் நின்றது. நல்ல பொருள்தான். கானாவூரில் தண்ணீரை இரசமாக்கியவரின் படைப்பில் அதுவும் ஒன்று. இத்தனை ஆண்டும் நான் குடியாதிருந்தது புண்ணியம் என்று நினைத்திருந்தேன். அதில் பெரும்பகுதி அச்சமும், அப்பாவின் மேலிருந்த கோபமும் என்பது அன்று விளங்கிற்று. அப்பா தீயவர் அல்லர். நோயாளி. ஒருமுறை எழுந்திருக்க முயன்றார்; தூக்கிவிட வேண்டிய கை அருகிலிருந்தும் நீளவில்லை. அவ்வளவே. கிண்ணத்தை வைத்துவிட்டு, அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். மனத்தில் கசப்பின்றி அவருக்காக நான் சொன்ன முதல் செபம் அதுவே. அதன்பின் மீண்டும் நான் குடித்ததில்லை. இப்போது அதற்குக் காரணம் அச்சம் அன்று. நண்பருடைய மகனுக்குத் துணையாக நண்பரும் நானும் சேர்ந்து எடுத்த தீர்மானம் அது.

அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்புக்கு மகன் வந்தார். நண்பர் அலமாரியைப் பிரித்து, அந்த ஓக் பலகைகளால் ஒரு குடில் செய்து நிலவறையில் வைத்திருந்தார். மகன் படியிறங்கிப் போய், சற்று நேரம் தனியே நின்றுவிட்டு மேலே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. உணவு மேசைக்குத் தட்டுகளை எடுத்து வைக்கத் தொடங்கினார். அன்றிரவு அவர் அவ்வீட்டில் உறங்கினார் என்று மறுநாள் அம்மையார் தொலைபேசியில் சொன்னபோது குரல் தழுதழுத்தது.

வாசக அன்பர்களே, நம் வீடுகளில் பர்பன் புட்டிகள் இல்லாதிருக்கலாம். ஆனால் மேல்தட்டில் வைத்துப் பூட்டிய ஏதோ ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. சேர்த்த பொருளாகலாம், 'என்மேல் தவறில்லை' என்னும் நியாயமாகவும் இருக்கலாம். அதனால் வீட்டுக்கு வர இயலாமல் வெளியே நிற்பவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரு சொட்டும் குறையாமல் காக்கும் தொட்டியில் எதுவும் கனிவதில்லை என்று அந்தப் பீப்பாய்க்காரர் எனக்குச் சொன்னார். வானதூதருக்கு ஒரு பங்கை விட்டுக்கொடுத்த மரத்தில்தான் இனிமை ஊறுகிறது.